யன்னலால் ஒழுகுகிற தண்ணி

 

பதிவு நீளம். தேத்தண்ணி ஒன்று ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். லீவுக்கு எங்கே போனீர்கள் என்று பலர் கேட்டீர்கள். எங்கேயும் போகவில்லை. கொட்பேயில் ஒரு போட்டுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தோம்.

சல்லியில் ஒரு அண்ணன் இருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் எங்களிடம் டியூஷன் படித்தவர்கள். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. சல்லிக் கரையில் நிற்கிறவை பெரும்பாலும் திறந்த பைபர் வள்ளங்கள், யன்னல் என்ற பேச்சே அவற்றில் இல்லை. இவருடையது கெபின் வைத்த பலநாள் போட், அதனால் கொட்பேயில் நிற்கும். கெபினின் முன்பக்கம் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என்று நாலு கண்ணாடி, எதுவும் திறக்காது. மூன்று வருசமாக ஒழுகிற்று. ஒவ்வொரு வாடைக்கும் ஒரு டியூப் சிலிக்கோன் வாங்கிச் சுற்றிவரப் பூசுவார். ஒரு மாசம் நிற்கும், பிறகு பழையபடி.

போன வாடையில் ஆழ்கடலில் நிற்கும்போது அவருடைய ரேடியோ பேசாமல் போய்விட்டது. ஆறு நாள். வீட்டுக்காரி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "சேர், கொட்பேயில ஆரும் கதைச்சாங்களா, ஏதும் கேள்விப்பட்டீங்களா?" என்று கேட்ட அந்த அஸர் நேரத்தை நாங்கள் மறக்கவில்லை. ஆறாம் நாள் வேறொரு போட்டுக்காரர் அவரைக் கண்டு செய்தி சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். அவர் பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கரைக்கு வந்த பிறகுதான் விசயம் விளங்கியது. முன் கண்ணாடியின் கீழ் மூலையால் இறங்கின தண்ணி உள்பலகைக்குப் பின்னால் ஊர்ந்து, ஒரு முழம் தள்ளி இருந்த ரேடியோவின் தலையில் சொட்டியிருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே பார்த்தால் ஒரு ஈரமும் இல்லை.

"சல்லிக்காரன் சல்லியைத் தண்ணியில ஊத்தினான் எண்டு எழுதுங்க சேர்" என்று சிரித்தார். பிறகு, "நீங்க வரலாறுதானே படிப்பிக்கிறீங்க. இந்தக் கண்ணாடி ஏன் ஒழுகுது எண்டு சொல்லுங்க பாப்பம்" என்றார். பகிடிக்குத்தான் கேட்டார். நாங்கள் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

முதலில் சொல்லைப் பாருங்கள். யன்னல் என்பது தமிழ் இல்லை, போர்த்துக்கேயருடைய 'ஜனேலா'. அலவாங்கும் அவர்களுடையது. உம்மா மீன் ஆணத்துக்கு ஊற்றுகிற வினாகிரியும் அவர்களுடையது. 1624இல் கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டினவர்கள், போகும்போது கல்லையும் சொல்லையும் விட்டுவிட்டுப் போனார்கள். இதிலே எங்களுக்குப் பிடித்த சொல் இன்னொன்று: கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் இடையில் இருக்கிற சந்தில் பஞ்சையோ நாரையோ திரித்து, உளி வைத்து அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுகிற வேலை. ஓடாவிமார் வாயில் இன்னும் இருக்கிறது. போர்த்துக்கேய மொழியில் 'கலஃபாத்தே' என்றால் அந்த வேலை செய்கிறவன். ஆனால் அவர்களுக்கே அது அறபியிலிருந்து போனது என்று சொல்லாராய்ச்சிக்காரர் சொல்வார்கள். அறபுக் கடலில் பிறந்து, லிஸ்பன் வரை போய், சுற்றிக்கொண்டு எங்கள் கரைக்கு வந்த சொல். எங்களுடைய ஆட்களை 'மரக்கல' என்று சிங்களத்தில் சொல்வதைச் சிலர் ஏச்சு என்று நினைக்கிறார்கள். மரக்கலம் என்றால் கப்பல். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அறபுக் கப்பல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணாடி ஒழுகுகிற காரணம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கப்பல்களுக்கு ஆணி இல்லை. பலகையில் துளை போட்டுத் தென்னந்தும்புக் கயிற்றால் தைப்பார்கள். 1344இல் இலங்கைக்கு வந்து பாவாத மலை ஏறின இப்னு பதூதா, மாலைதீவின் தும்புக் கயிற்றைப் பற்றி எழுதும்போது காரணத்தையும் எழுதியிருக்கிறார். இந்தக் கடலில் பாறை அதிகம், இரும்பாணி அடித்த கப்பல் முட்டினால் உடையும், தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும் என்பது அவருடைய விளக்கம். அல்கமர் சூராவில் நூஹ் நபியின் கப்பலைச் சொல்கிற இடத்தில் பலகைகளோடு சேர்ந்து 'துஸுர்' என்று ஒரு சொல் வரும். ஆணிகள் என்றுதான் பெரும்பாலும் பொருள் சொல்கிறோம். நார், கயிறு என்று பொருள் சொன்ன பழைய அறிஞர்களும் உண்டு. தும்பால் தைத்த கப்பலைக் கண்ணால் கண்டவர்களுக்கு அந்தப் பொருள் புதுமையாக இருந்திராது. 2010இல் ஓமான்காரர்கள் அப்படியே ஒரு கப்பலைத் தைத்து, 'ஜுவல் ஒஃப் மஸ்கட்' என்று பெயர் வைத்து, சிங்கப்பூர் வரை ஓட்டினார்கள். வழியில் எங்கள் காலித் துறைமுகத்திலும் தரித்து நின்றது.

கலப்பத்தும் இதே கணக்குத்தான். எங்கள் மூத்தவாப்பா காலத்தில் மர வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் காய வைத்தால் பலகை சுருங்கிச் சந்து தெரியும். திரும்பக் கடலில் இறக்கினால் முதல் நாள் தண்ணி உள்ளே வரும், ஆரும் பயப்பட மாட்டார்கள். மரம் தண்ணி குடித்து ஊதி, சந்தை அதுவே மூடிக்கொள்ளும். காய்ந்து கிடக்கிற நேரத்தில் பஞ்சை அளவுக்கு மேல் இறுக்கி அடித்தால்தான் ஆபத்து. ஊதுகிற பலகைக்கு இடம் இல்லாமல் ஆணியையே பிடுங்கிவிடும். நல்ல ஓடாவிக்கு எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதைவிட எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் கப்பலில் கண்ணாடி எப்போது வந்தது? நாங்கள் படிப்பிக்கிற பாடத்தில் கொட்டியாரக் குடாவுக்கு வந்த 'ஆன்' கப்பல் வரும். புயலில் பாய்மரம் முறிந்து, அதைச் சரிப்படுத்துகிற நேரத்தில் வியாபாரமும் பார்க்கலாம் என்று வந்து, 1660 ஏப்ரலில் றொபேட் நொக்ஸும் அவருடைய தகப்பனும் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தகப்பன் இங்கேயே மௌத்து. மகன் தப்பிப் போனது 1679இல். ஒரு கப்பலைத் திருத்த வந்து பத்தொன்பது வருசம் அகப்பட்டுக் கிடந்தார். எங்கள் அண்ணனும் சிலிக்கோனில் மூன்று வருசம் அகப்பட்டவர்தான், அந்த ஒற்றுமைக்காகச் சொன்னோம்.

அந்தக் காலத்துப் பெரிய கப்பல்களில் பின்பக்கம் கப்டனுடைய அறைக்கு வரிசையாகக் கண்ணாடி யன்னல் இருக்கும். எங்கள் ஊர்ப் பெயர் வைத்த கப்பலில் இன்றைக்கும் பார்க்கலாம். 'ட்ரிங்கோமலி' என்ற அந்தப் போர்க்கப்பலைப் பம்பாயில் வாடியா என்ற பார்சிக் குடும்பத்தின் தச்சர்கள் தேக்கில் கட்டி, 1817 ஒக்டோபர் 12இல் தண்ணியில் இறக்கினார்கள். இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பாடான காலம் அது. இப்போது ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. தண்ணியில் மிதக்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அதைவிடப் பழையது இல்லை. மரம் எங்கள் பக்கத்து மரம், கை எங்கள் பக்கத்துக் கை, பெயர் எங்கள் பெயர். பெருமைப்பட வேண்டியதெல்லாம் பட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கவனித்தது வேறு. அந்தக் காலத்துக் கப்பற்காரர் கண்ணாடியை நம்பவே இல்லை. புயல் வருகிற அறிகுறி தெரிந்தால் யன்னலுக்கு மேல் தடித்த பலகை மூடியைப் போட்டு இறுக்குவார்கள். பிறகு வந்த இரும்புக் கப்பல்களின் வட்டக் கண்ணாடிகளுக்கு உள்பக்கம் இரும்பு மூடி வந்தது. கப்பல்களின் சுமைக்கோடு பற்றிய 1966ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையும் அந்த மூடியைப் பற்றிப் பேசுகிறது.

கண்ணாடி வாயால் கப்பல் போன கதையும் உண்டு. டைட்டானிக்குக்கு ஒரு தங்கச்சிக் கப்பல் இருந்தது, பிரிட்டானிக். அக்கா மூழ்கின பிறகு பாடம் படித்து, உள்சுவர்களை உயர்த்திக் கட்டினது. 1916 நவம்பர் 21இல் ஆஸ்பத்திரிக் கப்பலாக ஏஜியன் கடலில் போகும்போது கண்ணிவெடியில் அகப்பட்டது. வார்டுகளுக்குக் காற்று வரட்டும் என்று திறந்துவிட்ட வட்ட யன்னல்களால், கப்பல் சரியச் சரியத் தண்ணி உள்ளே வந்தது. 55 நிமிசத்தில் எல்லாம் முடிந்தது.

இனி எங்கள் போட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரன் கப்பலில் யன்னல் இருநூறு முந்நூறு வருசமாக இருந்தாலும் எங்கள் தொழிலில் அது நேற்றுத்தான் வந்தது. தோணிக்கும் கட்டுமரத்துக்கும் ஓருவுக்கும் கெபினே இல்லை. 1958 வாக்கில் அரசாங்கம் இயந்திரப் படகுத் திட்டத்தைத் தொடங்கினபோதுதான் 28 அடி, மூன்றரைத் தொன் போட்டுகள் வந்தன. அவற்றில் மழைக்கு ஒதுங்க ஒரு சின்னக் கூடு. காலையில் போய் மறுநாள் வருகிற தொழிலுக்கு அது போதும். 1980களில் அதே மாதிரிப் போட்டுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டு பல நாள் நிற்கப் பழகினார்கள். அதற்குப் பிறகுதான் படுக்க இடம், சமைக்க இடம், சுற்றிவரக் கண்ணாடி போட்ட கெபின் எல்லாம். அந்தக் காலத்தில்தான் எங்கள் கரையில் யுத்தமும் வந்தது. எந்த நேரம் கடலுக்குப் போகலாம், எவ்வளவு வலுவான இயந்திரம் வைக்கலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு. தெற்கில் ஒரு தலைமுறை பலநாள் போட் கட்டிப் பழகின காலத்தில் நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். 2004 டிசம்பர் 26இல் இருந்த வள்ளங்களையும் கடல் கொண்டு போனது. 2009க்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் பெரிய போட்டுகளில் காசு போடத் தொடங்கினார்கள், அதுவும் பெரும்பாலும் கைமாறி வந்த பழைய போட்டுகள்.

அண்ணனுடைய கேள்விக்கு வரலாற்றுப் பாடத்திலிருந்து நாங்கள் கண்ட பதில் இதுதான். கலப்பத்துக்கு எங்களுக்கு நூற்றுக்கணக்கான வருசத்துக் கை இருக்கிறது. போட் யன்னலுக்குக் கை இல்லை. தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. அந்த இடத்தைத்தான் ஹாட்வெயார் கடையில் விற்கிற சிலிக்கோன் டியூப் பிடித்துக்கொண்டது.

இன்னொரு கதையும் இருக்கிறது, அது சீனக்குடாவில் தொடங்குகிறது. கெபினில் நாங்கள் 'கண்ணாடி' என்று சொல்வது பல போட்டுகளில் கண்ணாடியே இல்லை, பெர்ஸ்பெக்ஸ். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். 1930களில் சந்தைக்கு வந்து, உலக யுத்தத்தில் விமானிகளின் தலைக்கு மேல் கூடாரம் மாதிரி நின்றது. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான்காரர் திருகோணமலைக்குக் குண்டு போட வந்தபோது சீனக்குடாவிலிருந்து ஏறின ஹரிகேன் விமானங்களிலும் இதே பெர்ஸ்பெக்ஸ்தான். அன்றைக்குத் துறைமுகத்தில் குண்டு பட்டு எரிந்த 'சாகாயிங்' கப்பலை 2018இல் எங்கள் கடற்படைச் சுழியோடிகள் மேலே கொண்டு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதற்கு இரண்டு வருசத்துக்கு முதல் இங்கிலாந்தில் ஒரு ஹரிகேன் விமானியின் கண்ணுக்குள் உடைந்த பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் போய்விட்டன. வருசக்கணக்காகக் கிடந்தும் கண் அவற்றை வெறுக்கவில்லை. இதைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர், 1949 நவம்பரில் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில், அதே பொருளில் செய்த வில்லையை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். எங்கள் உம்மும்மாவுக்குக் கண்ணில் வெள்ளை எடுத்து வில்லை வைத்தபோது இந்தக் கதையைச் சொன்னோம். "அப்ப ஏரோப்பிளேன் கண்ணாடியாலயா ஓதுறேன்?" என்று கேட்டுவிட்டுக் குர்ஆனைத் திருப்பினார்.

விசயத்துக்கு வருவோம். பெர்ஸ்பெக்ஸுக்கு ஒரு குணம், வெயிலில் நீளும். ஒரு மீட்டர் நீளத் துண்டு 30 பாகை சூடு ஏறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். அதே அளவு அலுமினியம் 0.7 மில்லிமீட்டர்தான். கண்ணாடி 0.3கூட இல்லை. எங்கள் கச்சான் காலத்து மத்தியான வெயிலையும் கடலின் விடியற்காலைக் குளிரையும் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் அந்தத் துண்டு நீண்டு சுருங்குகிறது. கெபின் அவ்வளவு அசையாது. அண்ணனுடைய போட்டில் துண்டைச் சுற்றி இருபது இஸ்குறுப்பாணி, எல்லாம் ஆணியின் அளவுக்கே துளை, எல்லாம் முடிந்த மட்டும் இறுக்கி. நீள இடம் இல்லாத துண்டு என்ன செய்யும்? ஆணித் துளையிலிருந்து வெடிக்கும், நடுவில் உப்பும். ஓரத்தில் இருக்கிற பசையோ இறுக்கி இறுக்கிக் கடுதாசி மொத்தத்துக்கு வந்துவிட்டது, அதற்கு இழுபட உடம்பு இல்லை, கிழிகிறது. அந்தக் கிழிசலால்தான் தண்ணி. இப்னு பதூதாவின் இரும்பாணிக் கப்பலை யோசித்துப் பாருங்கள்.

மேலே பூசுகிற சிலிக்கோன் ஏன் நிற்பதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. காய்ந்த சிலிக்கோனின் மேல் எதுவும் ஒட்டாது, சிலிக்கோனே ஒழுங்காக ஒட்டாது. மூன்று வருசமாக அண்ணன் பூசினது பழைய பூச்சின் மேல். போதாததற்குக் கடையில் மலிவாகக் கிடைப்பது வினாகிரி மணக்கிற வகை. அது காயும்போது வருகிற அசிட்டிக் அமிலம் அலுமினியச் சட்டத்தையும் ஆணியையும் அரிக்கும். குளியலறைக்குப் பரவாயில்லை, போட்டுக்கு வாங்காதீர்கள். இந்தச் சிலிக்கோனும் யுத்தத்தின் பிள்ளைதான். 1943இல் அமெரிக்காவில் இதற்கென்றே கம்பனி தொடங்கி முதலில் செய்தது, உயரத்தில் பறக்கிற விமானங்களின் எரிபற்றல் தொகுதிக்குள் ஈரம் புகாமல் இருக்கப் பூசுகிற களிம்பு.

வேலையைச் சொல்கிறோம், இன்னும் இரண்டு மூன்று போட்டுக்காரர் கேட்டதால் கொஞ்சம் விரிவாக. விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்கள் மச்சானும், மூதூர்ப் பக்கத்து வயதான ஓடாவியார் ஒருவரும், அண்ணனும், நாங்களும். முதல் நாள் தண்ணிக் குழாய் ஒன்றை எடுத்து, ஒருவர் உள்ளே நிற்க, கீழிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக நனைத்தோம். மேலிருந்து தொடங்கினால் தண்ணி எல்லா இடத்திலும் வழிந்து எது ஓட்டை என்று தெரியாமல் போய்விடும். நாலில் மூன்று ஒழுகிற்று. முன் இரண்டும், வலப்பக்கத்ததும்.

கழற்றும்போது அண்ணன் அலவாங்கை எடுத்து வந்தார். ஓடாவியார் அதை வாங்கித் தூர வைத்துவிட்டு, மெல்லிய கம்பியை ஓரத்தால் விட்டு, இரண்டு பக்கமும் பிடித்து, வாள் மாதிரி இழுத்து அறுத்தார். துண்டு வந்த பிறகு உள்ளே பார்த்தோம். வெளிப்பக்கம் பைபர் மினுங்கிக்கொண்டிருக்கிறது. இடையில் இருக்கிற பிளைவுட், தேத்தண்ணியில் ஊறின ரஸ்க் மாதிரி விரலோடு வருகிறது. ஒரு சாண் அகலத்துக்கு. "உப்புத் தண்ணி மரத்தைத் தின்னாது தம்பி, மழைத் தண்ணிதான் தின்னும்" என்றார் ஓடாவியார். உண்மைதான். மரத்தை உக்க வைக்கிற பூஞ்சணத்துக்கு உப்பு ஆகாது. அலை அடித்து வருகிற தண்ணியைவிட, போட் கொட்பேயில் சும்மா நிற்கும்போது வாடை மழையில் இறங்குகிற தண்ணிதான் கெபினை முடிக்கிறது. தொழிலுக்குப் போகாத நாளில் யன்னல் ஒழுகினால் என்ன என்று இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

உக்கினதை நல்ல மரம் வரும் வரைக்கும் வெட்டி எடுத்து, காய விட்டு, புதுத் துண்டு வைத்து, ஓரத்தைப் பிசினால் மூடினோம். நாலு நாள் அதற்கே போனது. பழைய சிலிக்கோனை மரக் கத்தியாலும் மண்கடுதாசியாலும் ஒரு பொட்டு இல்லாமல் சுரண்டினோம். மச்சான் தின்னரை எடுத்தார், தடுத்தோம். தின்னரும் பெற்றோலும் பட்டால் பெர்ஸ்பெக்ஸில் மெல்லிய மயிர் வெடிப்பு விழும், முதல் நாள் தெரியாது. அதற்குச் சவர்க்காரத் தண்ணியும் மெல்லிய துணியும் போதும்.

புதுத் துண்டை 10 மில்லிமீட்டர் மொத்தத்தில் வாங்கினோம். பழைய துண்டை அச்சாக வைக்காமல், கெபினில் கடுதாசி மட்டையை வைத்து அச்சு எடுத்தோம், ஏனென்றால் பழையதே பிழை. வாயைவிடச் சுற்றிவர இரண்டு விரல் பெரிதாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கினோம். கூர் மூலையில்தான் வெடிப்பு தொடங்கும். ஓரத்துக்கு உள்பக்கம் கறுப்புப் பட்டி ஒன்று அடித்தோம். அழகுக்கு என்று அண்ணன் நினைத்தார். வெயில் பெர்ஸ்பெக்ஸுக்குள்ளால் போய்ப் பசையைக் கெடுக்காமல் இருக்கத்தான் அது.

பிறகுதான் முக்கியமான இடம். துண்டுக்கும் கெபினுக்கும் இடையில் மூன்று மில்லிமீட்டர் ரப்பர்த் துண்டுகளை அங்கங்கே வைத்து, அந்த மொத்தத்துக்குப் பசை நிற்கிற மாதிரிச் செய்தோம். பசையும் வேறு, போட் கண்ணாடிக்கென்றே வருகிற, காய்ந்த பிறகும் இழுபடுகிற வகை. இஸ்குறுப்பாணி நாலே நாலு, பசை காயும் வரை பிடித்துக்கொள்ள மட்டும். துளை ஆணியைவிடப் பெரிது. அண்ணனுக்கு இது மனசுக்கு ஏறவே இல்லை. "இவ்வளவு பெரிய கண்ணாடி, நாலு ஆணி, அதுவும் லூசு. அலை அடிச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் படித்ததைச் சொல்லிப் பார்த்தோம். பெரிய பஸ்களின் முன் கண்ணாடிக்கு ஆணியே இல்லை, பசைதான் பிடிக்கிறது என்றார் மச்சான். அவர் முகம் மாறவில்லை. கடைசியில் ஓடாவியார்தான், பேசாமல் இருந்தவர், "கலப்பத்து அடிக்கிற மாதிரி நினை. இறுக்கினா வெளிய தள்ளும்" என்றார். அண்ணன் ஸ்க்ரூ ட்ரைவரைக் கீழே வைத்தார்.

ஏழு நாள் போட்டை அசைக்கக் கூடாது என்று சொன்னோம். மீன் நல்லாப் படுகிற நேரம், பக்கத்துப் போட்டுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு பின்னேரமும் வந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் சம்பளம் இல்லாத கடற்றொழிலாளிக்கு ஏழு நாள் என்றால் என்ன என்பது மாதச் சம்பளம் எடுக்கிற எங்களுக்கு உறைக்காமல் இல்லை. எட்டாம் நாள் திரும்பவும் குழாய் பிடித்தோம். ரேடியோ இருந்த இடத்தில் சோக்கட்டித் தூளைத் தூவி வைத்திருந்தோம், ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும் என்று. தூள் தூளாகவே இருந்தது.

ரேடியோவையும், செய்மதிக்குப் போட் எங்கே நிற்கிறது என்று சொல்கிற கருவியையும் பழைய இடத்தில் வைக்க விடவில்லை, யன்னலுக்கு எட்டாத மற்றச் சுவருக்கு மாற்றினோம். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் நாட்டு மீனுக்குத் தடை போட்டு, அடுத்த வருச நடுவில் எடுத்ததே, அந்த நேரத்தில்தான் பலநாள் போட்டுகளுக்கு இந்தக் கருவி வந்தது. கடலுக்கு நடுவில் அண்ணன் நிற்கிற இடத்தைக் கரைக்குச் சொல்ல இந்த இரண்டு பெட்டியும்தான் இருக்கின்றன. அவற்றை ஒழுகுகிற யன்னலுக்குக் கீழே வைத்திருந்தோம்.

போட் போய்ப் பன்னிரண்டு நாள். நேற்று இரவு இஷாவுக்குப் பிறகு வீட்டுக்காரி கோல் எடுத்தார். அவர் ரேடியோவில் பக்கத்துப் போட்டோடு கதைத்தாராம், அவர்கள் கரைக்குச் சொல்லியிருக்கிறார்கள். மழையாம், உள்ளே காய்ந்துதான் இருக்கிறதாம். இடப்பக்கக் கண்ணாடி இன்னும் பழையதுதான். அது ஒழுகவில்லை என்று விட்டோம், ஆனால் அதிலும் இருபது ஆணி இருக்கிறது. திரும்பி வந்ததும் அதையும் கழற்ற வேண்டும்.

ஒரு உதவி. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, சல்லி, குச்சவெளி உறவுகளே, உங்கள் வீட்டுக் கோடிக்குள் கலப்பத்து உளியோ மரச் சுத்தியலோ, மூன்றரைத் தொன் போட்டுகளின் பழைய படமோ கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எங்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். வகுப்பறையில் வைக்க வேண்டும். ஓடாவியாரிடம் இருந்த உளியைக் கேட்டோம், "இன்னும் வேலை இருக்கு" என்று தரவில்லை.